குளிர்த் தொப்பி போட்டால் பாதி முடியாவது நிற்குமா?

ஜூன் 4
கேள்வி: அடுத்த மாதம் எனக்குக் கீமோ தொடங்குகிறது. பக்லிடாக்சல், வாரம் ஒன்றாக 12 தடவை. கீமோ ஏறும்போது தலையில் குளிர்த் தொப்பி போட்டுக்கொண்டால் 50 சதவீதம் முடி நிற்கும் என்று படித்தேன். பாதி முடிக்காக இத்தனை பாடு படவேண்டுமா? போட்டுக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு
நான் போட்டுக்கொண்டவள். போன வருடம், மார்பகப் புற்று. டோசிடாக்சலும் சைக்ளோபாஸ்பமைடும் என்று இரண்டு கீமோ மருந்து, 3 வாரத்துக்கு ஒன்றாக 4 சைக்கிள். நாலு தடவையும் தொப்பி. முடி நின்றதா என்றால் நின்றது. உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் போனது, அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த 50-ஐ நானும் உங்களைப் போலத்தான் தப்பாகப் படித்தேன். அது தலையில் நிற்கும் முடியின் கணக்கு இல்லை, ஆட்களின் கணக்கு. பாக்ஸ்மேன் என்ற குளிர்த் தொப்பிக் கருவியை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2017-ல் வெளிவந்தது. தொப்பி போட்ட 95 பேரில் 48 பேருக்குப் பாதிக்கு மேல் முடி தங்கியது. அதுதான் 50.5 சதவீதம். அந்த 48 பேருக்குள் ஒருத்திக்குக் கொஞ்சம்தான் கொட்டியிருக்கும், இன்னொருத்திக்குப் பாதியைத் தொட்டிருக்கும், இரண்டும் வெற்றிக் கணக்குதான். தொப்பி போடாத 47 பேரில் எத்தனை பேருக்கு அப்படித் தங்கியது தெரியுமா? பூஜ்யம். என்னைத் தொப்பிப் பக்கம் தள்ளியது அந்தப் பூஜ்யம்தான்.

டிக்னிகேப் என்று இன்னொரு தொப்பிக் கருவி, அதே வருடம் வந்த அதன் ஆய்வில் 101 பேரில் 67 பேருக்கு அப்படித் தங்கியது, அதாவது 66 சதவீதம். போடாதவர்கள் 16 பேர், அங்கேயும் பூஜ்யம்.

ஜூன் 5
டிக்னிகேப்தான் உசத்தி, 66 சதவீதம் வாங்கியிருக்கிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி ஒப்பிட முடியாது. டிக்னிகேப் ஆய்வில் ஆந்த்ராசைக்ளின் வகை மருந்து போட்டுக்கொண்டவர்களைச் சேர்க்கவே இல்லை. பாக்ஸ்மேன் ஆய்வில் அவர்களும் உண்டு. அந்தச் சிவப்பு மருந்து (டாக்ஸோரூபிசின்) இருந்தால் தொப்பிக்கு வேலை ரொம்பக் கஷ்டம். பக்லிடாக்சல், டோசிடாக்சல் மாதிரி டாக்ஸேன் வகை என்றால் நன்றாகவே கேட்கும். கேள்வி கேட்டவருக்கு வாராவாரம் பக்லிடாக்சல் என்பதால் உங்கள் சீட்டு கொஞ்சம் நல்ல சீட்டு.

ஜூன் 5, பிற்பகல்
ஒருவர் எழுதியிருக்கிறார்: "தலையை ஃப்ரீசரில் வைப்பதற்கு மொட்டை அடித்துவிட்டுப் போகலாம். மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர்."

சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐயா, இங்கே கட்டியிருப்பதும் மயிர், இழுப்பதும் மயிர், போனால் போவதும் அதேதான்.

மொட்டை அடித்தவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். என் சின்னம்மா அடித்துக்கொண்டார், அவருக்கு அது நிம்மதி. எனக்கு வேறு கணக்கு இருந்தது. அலுவலகத்தில் மூன்றே பேருக்குத்தான் விஷயம் தெரியும். யாரிடம் எப்போது சொல்வது என்பதை நான் முடிவுசெய்ய வேண்டும், என் தலை முந்திக்கொண்டு சொல்லிவிடக்கூடாது. அழகு இரண்டாம் பட்சம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இரண்டாம் பட்சமா என்பது பற்றி இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.

ஜூன் 6
எப்படி வேலை செய்கிறது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தேடி அடிக்கும். மயிர்க்காலின் அடியில் இருக்கும் செல்களும் அப்படித்தான் ஓயாமல் பெருகும். எந்த நேரத்திலும் தலைமுடியில் 10-க்கு 9 வளர்ந்துகொண்டே இருக்கிறது, அதனால்தான் மொத்தமாகக் கொட்டுகிறது. தலைத்தோலைக் குளிர வைத்தால் ரத்தக்குழாய் சுருங்கும், மருந்து அந்தப் பக்கம் குறைவாகப் போகும். வந்து சேர்ந்த கொஞ்சத்தையும் குளிரில் மந்தமாகிவிட்ட செல் அவ்வளவாக உறிஞ்சாது. தோலின் வெப்பநிலை 22 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும் என்பார்கள். அந்த 22-தான் எல்லாமே. தொப்பி எங்கே தோலைத் தொடவில்லையோ அங்கே 22 வராது, அங்கே முடி நிற்காது.

ஜூன் 6, இரவு
உச்சிக் கதை.

முதல் கீமோ அன்று நர்ஸ் என் தலையை ஈரமாக்கி, கண்டிஷனர் தடவி, முடியைப் பின்னால் வாரினார். உள்ளே ஒரு சிலிக்கான் தொப்பி, அதில் நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றிக் குழாய், குழாய்க்குள் குளிர்ந்த திரவம் ஓடும். அதற்கு மேல் இறுக்கிப் பிடிக்க ஓர் உறை, தாடைக்கு அடியில் பட்டை. கண்ணாடியில் பார்த்தால் குதிரைப் பந்தயத்துக்குப் புறப்பட்ட ஜாக்கி. என் கணவர் "பரிசு வந்தா பாதி எனக்கு" என்றார்.

நெற்றியிலும் காதுக்கு மேலும் குளிர் சுரீர் என்று ஏறியது. உச்சியில் ஏறவில்லை. தொப்பிக்கும் தலைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. அன்று வார்டில் கூட்டம், அந்தப் பெண் ஓடிக்கொண்டிருந்தார். "இங்க மட்டும் லூசா இருக்கு சிஸ்டர்" என்று சொல்ல ஐந்து நொடி ஆகியிருக்கும். சொல்லவில்லை. உச்சியில் குளிராதது ஒரு விதத்தில் சௌகரியமாகக்கூட இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

பதினெட்டாம் நாள் உச்சியில் கொட்டத் தொடங்கியது. சரியாகத் தொப்பி தொடாத இடம், வரைபடம் போட்ட மாதிரி.

ஜூன் 7
நேற்று எழுதியதைக் காலையில் படித்தால் தப்பு முழுக்க என்னுடையது மாதிரி இருக்கிறது. அளவு பார்த்துத் தொப்பி எடுப்பதும், போட்ட பிறகு சுற்றிலும் அழுத்திப் பார்ப்பதும் அவர்கள் வேலை. இரண்டாவது தடவை வேறொருவர் வந்தார், ஒரு சைஸ் சின்னத் தொப்பியை எடுத்தார், இரண்டு உள்ளங்கையாலும் உச்சியை அழுத்திக்கொண்டே மேலுறையை இழுத்தார். கழுத்து உள்ளே போய்விடும் போல இருந்தது. அன்று உச்சியும் வலித்தது, அந்த வலி எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் முதல் சைக்கிளில் விட்டதை இரண்டாவதில் பிடிக்க முடியாது.

ஜூன் 7, மாலை
வலி எப்படி என்கிறீர்கள். ஐஸ்கிரீமை அவசரமாக விழுங்கினால் நெற்றிப்பொட்டில் ஒரு குத்து வருமே, அது தலை முழுக்க. முதல் 10, 15 நிமிடம்தான் மோசம். பிறகு மரத்துவிடும். பாரசிட்டமால் முன்கூட்டியே கொடுத்தார்கள். உடம்பு நடுங்கும், போர்வை வேண்டும். நெற்றி ஓரத்தில் தொப்பி விளிம்பு அறுக்காமல் இருக்க ஒரு துணிப்பட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒருமுறை வயிற்றைப் பிரட்டியது, அது குளிரா மருந்தா தெரியாது.

நேரம்: மருந்துக்கு முன் 30 நிமிடம், மருந்து ஏறும் நேரம் முழுக்க, முடிந்தபின் 90 நிமிடம். எல்லோருக்கும் இதே கணக்குதான்.

ஜூன் 8
திருத்தம். "எல்லோருக்கும் இதே கணக்கு" என்று நேற்று எழுதியது தப்பு, ஒருவர் சரியாகப் பிடித்தார். மருந்து முடிந்தபின் எவ்வளவு நேரம் குளிர வைப்பது என்பது எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. டோசிடாக்சல் 3 வாரத்துக்கு ஒருமுறை போடுபவர்களிடம் நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள்: முதலில் 90 நிமிடத்துக்கும் 45-க்கும் வித்தியாசம் இல்லை, பிறகு 45-க்கும் 20-க்கும் வித்தியாசம் இல்லை.

20! நான் ஒவ்வொரு தடவையும் 90 உட்கார்ந்தேன். தடவைக்கு 70 நிமிடம் அதிகம், நாலு தடவைக்கு 280 நிமிடம். 4 மணி 40 நிமிடம் என் மண்டை சும்மா விறைத்திருக்கிறது. யாரிடம் கேட்பது இந்த வட்டியை?

ஜூன் 8, கொஞ்ச நேரம் கழித்து
கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. எனக்கு டோசிடாக்சலோடு சைக்ளோபாஸ்பமைடும் ஏறியது, அதை மறந்துவிட்டேன். 20 என்ற கணக்கை அப்படியே என் தலையில் வைக்க முடியாது. உங்கள் மருந்துக்கு எத்தனை நிமிடம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். சீக்கிரம் கழற்றிவிடுங்கள் என்று நான் சொன்னதாக யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ஜூன் 10
இதற்காகத்தான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஒருவர் கேட்டிருக்கிறார்: "மருந்து போகாத இடத்தில் நோய் போய் ஒளிந்துகொள்ளாதா?"

என் கணவர் கேட்ட முதல் கேள்வியும் இதுதான். தொப்பி போடுவதற்கு முந்தின இரவு இரண்டு மணிக்கு எழுந்து நான் எனக்கே கேட்டுக்கொண்ட கேள்வியும். பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து மார்பகப் புற்று உள்ளவர்களிடம் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தலைத்தோலில் நோய் வந்தது தொப்பி போட்டவர்களில் 0.61 சதவீதம், போடாதவர்களில் 0.41 சதவீதம். அந்த இடைவெளி தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான் என்பது அவர்கள் முடிவு. என் மருத்துவர் சொன்னது இன்னும் சுருக்கம்: மார்பகப் புற்று தலைத்தோலைத் தேடிப் போவதே அபூர்வம்.

ஆனால் ரத்தப் புற்று, நிணநீர்ப் புற்று (லிம்ஃபோமா) இருப்பவர்களுக்குத் தொப்பி கிடையாது. அங்கே அந்தச் செல்கள் ரத்தத்தோடு எங்கும் சுற்றுகின்றன, ஓரிடத்தை மருந்து படாமல் விடுவது வம்பு. தம்பிக்கு லிம்ஃபோமா, போடலாமா என்று கேட்டவருக்கு இதுதான் பதில். குளிர் பட்டால் ரத்தம் உறையும், கட்டிப்படும் வகைக் கோளாறு உள்ளவர்களுக்கும் கூடாது. மூளைக்குக் கதிர்வீச்சு உண்டென்றாலும் வேண்டாம் என்பார்கள்.

ஜூன் 13
பாக்ஸ்மேன் என்பது மருத்துவர் பெயரா என்று கேட்டீர்கள். இல்லை, இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் ஊர்க் குடும்பம். பீரைக் குளிர வைக்கும் கருவி செய்து வந்தவர்கள்! க்ளென் பாக்ஸ்மேனின் மனைவி சூ 1990-களில் கீமோவில் இருந்தபோது அன்றிருந்த குளிர்த் தொப்பியைப் போட்டும் முடி போய்விட்டது. குளிர வைப்பது நம் தொழிலாச்சே என்று க்ளென் இறங்கியிருக்கிறார். அதனால் அடுத்த தடவை யாராவது "ஃப்ரீசர்" என்று கிண்டல் செய்தால் கோபப்பட மாட்டேன், வரலாற்றுப்படி சரிதான்.

தொப்பியே அதற்கும் பழசு. 1970-களிலேயே ஐஸ் பொட்டலத்தைத் தலையில் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். இப்போதும் கருவி இல்லாமல் உறைய வைத்த தொப்பிகளை 20, 30 நிமிடத்துக்கு ஒன்றாக மாற்றிப் போடும் முறை உண்டு. அதற்குக் கூடவே ஓர் ஆள் வேண்டும், பெட்டி நிறைய ஐஸ் வேண்டும். அமெரிக்காவில் கருவிக்கு அனுமதி கிடைத்தது 2015 டிசம்பரில், முதலில் டிக்னிகேப், அதுவும் மார்பகப் புற்றுக்கு மட்டும். 2017-ல் மற்றக் கட்டிகளுக்கும் விரித்தார்கள்.

ஜூன் 17
கீமோ இல்லாத நாட்களில் முடியை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு, நான் செய்யாததைச் சொல்கிறேன்.

தொப்பி போட்டாலும் கொட்டும். அது யாரும் எனக்கு அழுத்திச் சொல்லாத விஷயம். பதினெட்டாம் நாள் சீப்பில் கற்றையாக வந்ததும், தொட்டால்தானே கொட்டும், தொடவே வேண்டாம் என்று முடிவுகட்டினேன். ஒன்பது நாள் தலைக்குக் குளிக்கவில்லை, சீவவில்லை. கொட்டிய முடி கீழே விழாமல் நிற்கிற முடியோடு பின்னிக்கொண்டு பிடரியில் கோழிமுட்டை அளவுக்குச் சிக்காகிவிட்டது. தங்கை வந்தாள். கத்தரிக்கோலைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கண்டிஷனரைக் குழைத்து ஊறவைத்து, நுனியிலிருந்து விரலால் ஒவ்வொரு இழையாகப் பிரித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். கொட்டிய முடியை எனக்குத் தெரியாமல் தன் மடியிலேயே சுருட்டி வைத்துக்கொண்டே வந்தாள். முடிந்ததும் "போனது போனதுதான் அக்கா, அது நேத்தே போச்சு. நீ பிடிச்சு வச்சிருந்த, அவ்வளவுதான்" என்றாள்.

பிறகு வாரம் இரண்டு முறை வெதுவெதுப்பான தண்ணீர், சாதுவான ஷாம்பு, அகலப் பல் சீப்பு, தினமும் மெதுவாகச் சீவல். ஹேர் டிரையர், சாயம், இறுக்கிப் பின்னல் எல்லாம் கூடாது.

இன்னொன்று: தொப்பியை நிறுத்தியதும் கழற்றாதீர்கள். ஈர முடி உள்ளே உறைந்து ஒட்டியிருக்கும். பத்து நிமிடம் விட்டு, அது தானாக வழுக்கும்போதுதான் எடுக்க வேண்டும். என் முன்நெற்றி முடியில் வெள்ளையாகப் பொடி ஐஸ் படிந்திருக்கும், கணவர் ஒவ்வொரு தடவையும் "வயசாயிடுச்சு" என்பார்.

ஜூன் 24
அம்மாவுக்கு ஆந்த்ராசைக்ளின், தொப்பி போட்டும் மூன்றாவது கீமோவுக்குள் எல்லாம் போய்விட்டது, "இதிலயும் நான் தோத்துட்டேன்" என்று அழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதற்கு முன் நான் வெற்றி, சீட்டு, கணக்கு என்றெல்லாம் வளவளத்ததை நினைத்து வெட்கமாக இருக்கிறது. அந்த மருந்தோடு தொப்பி போட்டால் பலருக்கு நிற்பதில்லை, அம்மா எதையும் சரியாகச் செய்யாததால் இல்லை. இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

போன முடி திரும்பி வருவதிலும் தொப்பிக்கு ஒரு பங்கு இருக்கலாம். தென்கொரியாவில் பார்த்து 2024-ல் வெளியிட்டிருக்கிறார்கள். கீமோ முடிந்து 6 மாதம் ஆகியும் முடி பழையபடி தேறாதவர்கள் தொப்பி போட்டவர்களில் 13.5 சதவீதம், போடாதவர்களில் 52 சதவீதம். இதை ஆறுதலுக்காகத் தேடி எடுத்தேன் என்பது உண்மைதான். எண்ணும் உண்மைதான்.

ஜூன் 25
அடுத்த தடவையும் தொப்பியைப் போடுவதா விடுவதா என்பதை அம்மாவே சொல்லட்டும். பாதியில் நிறுத்தினால் யாரும் கோபிக்கப் போவதில்லை.

ஜூலை 2
ஜூன் 5-ல் எழுதியதற்கு ஒரு வால்.

தலை என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று பெருமையாக எழுதினேன் அல்லவா. தொப்பி தலைத்தோலை மட்டும்தான் காக்கும். நாலாவது சைக்கிளுக்குப் பிறகு புருவம் போனது, இமைமுடி போனது. தலையில் முடி, உச்சிச் சொட்டையை மூடப் பக்கவகிடு, புருவம் இருந்த இடத்தில் பென்சில் கோடு. பக்கத்து மேசைத் தோழியிடம் ஒரு நாள் மதியம் தயங்கித் தயங்கி விஷயத்தை ஆரம்பித்தேன். அவள் "தெரியும்டி. ரெண்டு வாரமா உன் இடது புருவம் வலது புருவத்தை விட மேல இருக்கு" என்றாள். இரண்டு வாரமாக அவள் கேட்கவில்லை. நான் சொல்லும் வரை காத்திருந்திருக்கிறாள்.

அப்போ தொப்பி வீணா? இல்லை. கண்ணாடியில் காலையில் பார்த்தது எனக்குத் தெரிந்த முகம். அழகு இரண்டாம் பட்சம் என்றதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஜூலை 3
நகத்துக்கும் குளிர் கையுறை உண்டு, ஆமாம். டோசிடாக்சலுக்கு நகம் கறுத்துப் பெயரும், அதற்காக உறைய வைத்த கையுறை போடுவார்கள். நான் முதல் கீமோவில் போட்டேன். தலையில் தொப்பி, கையில் கையுறை, மூக்கு அரிக்கிறது. கணவர் சொறிந்துவிட வேண்டியிருந்தது. இரண்டாவதிலிருந்து கையுறையை விட்டேன், இரண்டு நகம் போனது.

ஜூலை 5
கேள்வி கேட்டவருக்கு: நாளைக்கு முதல் கீமோ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு ஐந்து படம் எடுத்துவிடுங்கள். முன்னால், பின்னால், இரண்டு பக்கம், உச்சி. டிக்னிகேப் ஆய்வில் ஐந்து படத்தை வைத்துத்தான் பார்த்தார்கள். நடுவில் ஒருநாள் குளியலறை வடிகாலைப் பார்த்து எல்லாம் போய்விட்டது என்று தோன்றும். அன்றைக்குப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வடிகாலோடு வேண்டாம்.

என் உச்சியில் இப்போது மூன்று விரல் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. பழைய முடி நேர், இது சுருட்டை. நீள முடிக்கு நடுவில் கொண்டை வைத்த கோழி மாதிரி நிற்கிறது, எதைத் தடவினாலும் படியவில்லை.

ஜூலை 6, காலை
இப்போதுதான் பார்த்தேன். தொப்பி போட்டாகிவிட்டது, குளிர ஆரம்பித்துவிட்டது, பிடரியில் மட்டும் குளிரவில்லை, நர்ஸ் அடுத்த கட்டிலில் வேலையாக இருக்கிறார், கேட்கலாமா என்று எழுதியிருக்கிறீர்கள்.

போனைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். இப்போதே. சத்தமாக.